கெடு தேதி: அன்று கவுன்ட்டரில், இன்று கணக்கில்

முப்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்திருக்கும். அதில் இ.பி. கார்டு தொங்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க வருகிறவர் மீட்டரைப் பார்ப்பார், பழைய எண்ணைக் கழிப்பார், யூனிட்டையும் தொகையையும் பேனாவால் அந்த அட்டையிலேயே எழுதி ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்குவார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் "இந்தத் தடவை எவ்வளவு வந்திருக்கு?" என்று வீட்டில் ஒருவர் கேட்டிருப்பார். பில் வந்தது எல்லோருக்கும் தெரியும். எதற்குள் கட்ட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பணத்தை அட்டைக்குள் மடித்து வைத்து, லீவில் இருக்கும் பிள்ளையையோ வேலைக்குப் போகும் வழியில் அப்பாவையோ இ.பி. ஆபீசுக்கு அனுப்புவது அம்மாவின் பொறுப்பு.

அங்கே வரிசை நிற்கும். கடைசி நாளென்றால் வாசல் தாண்டிச் சாலை வரைக்கும் நிற்கும். சில்லறை இல்லையென்றால் கவுன்ட்டரில் இருப்பவர் முகம் சுளிப்பார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் நம் முறை வந்துவிட வேண்டுமே என்ற தவிப்பு தனி. கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை: லைன்மேன் வருவார், ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போவார். பிறகு பாக்கியோடு மறு இணைப்புக் கட்டணமும் சேர்த்துக் கட்டிய ரசீதைக் காட்டினால்தான் விளக்கு எரியும். அதைவிடப் பெரிய தண்டனை, தெருவில் நம் வீடு மட்டும் இருட்டாக இருப்பதை நாலு பேர் பார்ப்பது. டெலிபோன் இருந்த வீடுகளில் வேறு விதம். முதலில் வெளியே பேச முடியாமல் போகும், உள்ளே வரும் அழைப்புகள் மட்டும் கொஞ்ச நாள் ஒலிக்கும், அப்புறம் அதுவும் நிற்கும்.

இந்த ஏற்பாட்டில் வங்கி எங்கே இருந்தது? பெரும்பாலான குடும்பங்களுக்கு எங்கேயும் இல்லை. சம்பளம் கையில் வந்தது, கையாலேயே போனது. மாதச் சம்பளக்காரர்களில் சிலர்தான் வரிசைக்குத் தப்பிக்கச் செக் எழுதினார்கள். செக்கின் பின்னால் சேவை எண்ணையும் வீட்டு முகவரியையும் எழுதி, அலுவலக வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போவது அந்த நாளில் ஒரு சொகுசு. ஆனால் செக் எழுதுபவர் நாட்களைப் பின்னாலிருந்து எண்ணத் தெரிந்தவராக இருக்க வேண்டும். சென்னையில் ஒரு வங்கியின் செக் இன்னொரு வங்கிக்குப் போக வேண்டுமானால், அந்தக் காகிதமே கிளியரிங்குக்குப் பயணம் செய்ய வேண்டும். நடுவில் ஞாயிறு வரும், பண்டிகை வரும், வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு வரும். வெளியூர்க் கிளையின் செக்கைப் பல அலுவலகங்கள் வாங்கவே மாட்டா. வாங்கியவர்கள் கொடுத்த ரசீதிலும், செக் பணமானால்தான் செல்லும் என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். கையெழுத்து கொஞ்சம் மாறினாலும் போதும், செக் திரும்பிவிடும். அது திரும்பிய செய்தி தபாலில் வந்து சேர்வதற்குள் கெடு தேதி போயிருக்கும். வங்கி ஒரு பக்கம் கட்டணம் எடுக்கும், பில் போட்டவர் இன்னொரு பக்கம் அபராதம் போடுவார்.

வங்கி வழியாகப் பணம் கட்டிய அன்றைய குடும்பங்கள் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் இதுதான்: பணம் நம் கையை விட்டுப் போகும் நாள் வேறு, அது போய்ச் சேரும் நாள் வேறு. தாமதக் கட்டணம் எப்போதும் இரண்டாவது நாளைப் பார்த்துத்தான் விழும். இன்றைக்கும் இது மாறவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

அந்தத் தூரம் எப்படிக் குறைந்தது என்பது சுவாரசியமான கதை. காகிதச் செக்குக்குப் பதில் அதன் படத்தை அனுப்பும் முறை 2008 பிப்ரவரியில் டெல்லியில் தொடங்கி, 2011 செப்டம்பரில் சென்னைக்கு வந்தது. 2025 அக்டோபர் 4 முதல் வங்கியில் போட்ட செக் நாள் முழுக்க விடாமல் கிளியரிங்குக்குப் போய், அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும் நிலை வந்திருக்கிறது. செக் எழுதும் பழக்கமே அருகிவிட்ட காலத்தில் அது வேகம் பிடித்தது என்பது வேறு விஷயம். 2005 நவம்பரில் வந்த நெஃப்ட், செக்கே இல்லாமல் கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்ப வழி செய்தது. அதற்கும் அலுவலக நேரம் உண்டு. சனிக்கிழமை இரவு அனுப்பியது திங்கட்கிழமைதான் நகரும். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் வங்கி விடுமுறையானபோது, ஞாயிற்றுக்கிழமை கெடு வைத்திருந்த பில்களுக்கு இன்னும் ஒரு நாள் முன்கூட்டியே யோசிக்க வேண்டியதாயிற்று. 2019 டிசம்பர் 16 அன்று நெஃப்ட் இரவு பகல் பாராமல் எல்லா நாளும் இயங்கத் தொடங்கியது. அதற்குள் கைபேசியில் நொடியில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

இன்னொரு பாதை, நாம் ஒன்றும் செய்யாமலே கணக்கிலிருந்து பணம் தானாகக் கழிவது. இ.சி.எஸ். என்ற பெயரில் வந்த அந்த வசதிக்கு நீளமான படிவம் ஒன்றை நிரப்பி, வங்கியில் உள்ள அதே கையெழுத்தைப் போட்டு, ரத்து செய்த செக் ஒன்றையும் இணைத்துக் கொடுக்க வேண்டும். அது நடைமுறைக்கு வர ஒரு பில் சுழற்சி கடந்துவிடும். 'இ.சி.எஸ். கொடுத்தாச்சே' என்ற நம்பிக்கையில் அந்த நடு மாதத்து பில்லைக் கட்டாமல் விட்டு அபராதம் கட்டிய குடும்பங்கள் ஏராளம். பின்னர் அதன் இடத்தில் நாச் வந்தது. 2021 ஆகஸ்ட் 1 முதல் அது ஞாயிறு, விடுமுறை எதையும் பார்ப்பதில்லை. இந்த மாற்றத்தின் மறுபக்கத்தைப் பலர் அனுபவித்த பிறகே உணர்ந்தார்கள். அதுவரை ஐந்தாம் தேதி ஞாயிறாக இருந்தால் கடன் தவணை ஆறாம் தேதிதான் கழியும், ஒரு நாள் அவகாசம் கிடைக்கும். இப்போது ஞாயிறு காலையிலேயே கை வைக்கிறது. கணக்கில் பணம் இல்லையென்றால் திங்கட்கிழமை என்று ஒன்று கிடையாது.

வீட்டு பில்களுக்கென்றே தனியாக வந்தது பாரத் பில் பே. 2016 ஆகஸ்டில் சோதனை முறையில் தொடங்கிய இந்த ஏற்பாட்டை அதற்கு முன்பிருந்த நெட் பேங்கிங்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். முன்பெல்லாம் வங்கியின் தளத்தில் நுகர்வோர் எண்ணையும் தொகையையும் நாமே தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் இலக்கம் தவறினால் யாரோ ஒருவர் வீட்டு பில்லுக்கு நம் பணம் போகும். 'வரவு வைக்க மூன்று வேலை நாட்கள் ஆகலாம்' என்று கீழே பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். பாரத் பில் பே வழியில், எண்ணைக் கொடுத்ததும் யார் பெயரில் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை பில் போட்ட நிறுவனத்திடமிருந்தே வாங்கிக் காட்டுகிறது. கட்டியவுடன் ஒரு பரிவர்த்தனை எண் தருகிறது. மின்சாரம், கேஸ், தொலைபேசி, கேபிள் என்று நீளும் பட்டியலில் 2024 ஜூலையிலிருந்து கிரெடிட் கார்டு பில்லும் இந்த வழியாகவே போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வங்கிச் செயலியில் ஒரு பில்லைக் கட்ட இரண்டு வழி தெரிந்தால், ஒன்று பில் கட்டும் பகுதி, இன்னொன்று நிறுவனத்தின் கணக்கு எண்ணுக்கு நேரடியாகப் பணம் அனுப்புவது என்றால், முதல் வழியே நல்லது. இரண்டாவது வழியில் பணம் போய்விடும், அது எந்த பில்லுக்கு என்று அங்கே யாராவது உட்கார்ந்து பொருத்திப் பார்க்கும் வரைக்கும் நம் பில் கட்டாததாகவே நிற்கும்.

இவ்வளவு வசதிக்குப் பிறகும் வீடுகள் தாமதக் கட்டணம் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. முன்பு நேரமில்லாமல் கட்டாமல் விட்டவர்கள், இப்போது தெரியாமல் விடுகிறார்கள்.

பில் எங்கே வருகிறது என்று பாருங்கள். ரீடிங் எடுத்த அன்று ஒரு கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகிறது. அந்த எண் யாருடையது? பல வீடுகளில் இறந்துபோன தாத்தாவுடையது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுடையது. வாடகை வீட்டில் வீட்டுக்காரருடையது, சில சமயம் முன்பு குடியிருந்தவருடையது. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது எத்தனையோ குடும்பங்கள் இணைப்பு இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருப்பதை அப்போதுதான் கவனித்தன. அந்த நேரத்திலாவது எண்ணை மாற்றிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து இருபது நாள் அவகாசம் இருக்கிறது. ஆனால் அன்று அட்டையில் எழுதிய தொகை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. குறுஞ்செய்தியோ கடன் விளம்பரங்களுக்கும் ஓ.டி.பி.களுக்கும் நடுவில் புதைந்துபோகிறது. வங்கி வழியாகப் பணம் கட்டும் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது செயலியைப் பற்றியே அல்ல. ஒவ்வொரு பில்லிலும் பதிவாகியிருக்கும் கைபேசி எண் எது என்று ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். தப்பாக இருப்பதை மாற்றுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரின் செய்திக்காகக் காத்திராமல், சேவை எண்ணைத் தங்கள் வங்கிச் செயலியில் ஒரு முறை சேர்த்துவிட்டால் பில் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது தானியங்கிக் கழிவு. இதை 'போட்டுவிட்டு மறந்துவிடலாம்' என்று விற்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மறந்துவிடுகிற வீட்டில்தான் இது இரட்டை அபராதமாகிறது. கெடு தேதியில் கணக்கில் நூறு ரூபாய் குறைந்தால் மொத்தத் தவணையும் திரும்பும். திரும்பியதற்கு நம் வங்கி சில நூறு ரூபாயை, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு எடுக்கும். கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு அபராதம் போடும். சில நிறுவனங்கள் அதே மாதத்தில் மறுபடி முயன்று பார்க்கும், அதுவும் திரும்பினால் மறுபடி கட்டணம். இந்தக் கட்டணங்களால் இருப்பு இன்னும் குறைய, அடுத்த நாள் வர வேண்டிய இன்ஷூரன்ஸ் கழிவும் திரும்பும். மாதக் கடைசியில் கையிருப்பு மெலிந்திருக்கும் குடும்பத்தையே இது தேடி வந்து அடிக்கிறது. பணம் குறைவாக இருந்ததற்காக இன்னும் பணம் எடுப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. 2024 ஏப்ரலிலிருந்து கடன் அபராதத்தை வட்டியில் ஏற்றி அதற்கும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கட்டுப்படுத்தியது ஓரளவு ஆறுதல். ஆனாலும் போதிய பணமில்லாமல் மின்னணுக் கழிவு திரும்புவதைச் சட்டம் செக் திரும்பியதைப் போலவே பார்க்கிறது என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இதற்குப் பழைய அம்மாக்கள் வைத்திருந்த முறையையே வங்கிக்குள் கொண்டுவர வேண்டும். வாடகைக்கு ஒரு டப்பா, பள்ளிக் கட்டணத்துக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைத்தார்களே, அதுபோல பில்களுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. சம்பளம் விழுந்த மறுநாள் அந்த மாதத்துக்கான மொத்தத் தொகையும் கொஞ்சம் கூடுதலும் அதற்குப் போய்விட வேண்டும். தவணைகள், இன்ஷூரன்ஸ், இணையம், மின்சாரம் எல்லாம் அங்கிருந்தே கழியட்டும். காய்கறிக்கும் பெட்ரோலுக்கும் ஸ்கேன் செய்யும் கணக்கு வேறாக இருக்கட்டும். குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்காகப் பார்த்துத் திறப்பது முக்கியம், இல்லையென்றால் அதற்கொரு அபராதம் வரும். பணம் முந்தைய நாள் இரவே அங்கே இருக்க வேண்டும். யு.பி.ஐ. தானியங்கிக் கழிவுகள் 2025 ஆகஸ்டிலிருந்து கூட்டம் குறைந்த நேரங்களில், காலை பத்துக்கு முன்போ, மதியம் ஒன்றிலிருந்து ஐந்துக்குள்ளோ, இரவு ஒன்பதரைக்குப் பிறகோதான் ஓடுகின்றன. 'பத்தரைக்குப் போட்டுவிடலாம்' என்று நினைப்பவருக்குக் காலை ஒன்பது மணிக்கே கழிவு திரும்பியிருக்கும்.

ஒரு நுணுக்கம் உண்டு. கார்டு, யு.பி.ஐ. வழியான தொடர் கழிவுகளுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்ற விதி 2021 அக்டோபரிலிருந்து நடப்பில் இருக்கிறது. 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையானால் பெரும்பாலான இனங்களில் ஒவ்வொரு முறையும் நம் ஒப்புதல் வேண்டும். இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்டு, கிரெடிட் கார்டு பில் மூன்றுக்கு மட்டும் அந்த எல்லை ஒரு லட்சம். நாமே வைக்கும் உச்சவரம்பும் இருக்கிறது. குளிர்காலத்து பில்லைப் பார்த்து 2,000 ரூபாய் வரம்பு வைத்தவர் வீட்டில், மே மாதம் இரண்டு ஏ.சி. ஓடி பில் 5,000 ஆனால் கழிவு நடக்காது. செய்தி வரும், ஆனால் அது கழிவு முடிந்த செய்தி போலவே இருக்கும். வரம்பைக் கோடைக்காலத்து பில்லைப் பார்த்து வைக்க வேண்டும்.

கிரெடிட் கார்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், அதுவும் பாக்கியுள்ள தொகையைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த விதி. ஆனால் அந்த மூன்று நாளில் வட்டி தூங்குவதில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுபவர் தாமதக் கட்டணத்துக்குத் தப்பித்து, ஆண்டுக்கு நாற்பது சதவீதத்தைத் தொடும் வட்டிக்குள் போய்விடுகிறார். பில் தேதி சம்பளத் தேதியோடு ஒத்துப்போகவில்லையென்றால் சுழற்சியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஞாபகத்தோடு மாதாமாதம் மல்லுக்கட்டுவதைவிடத் தேதியையே நகர்த்திவிடுவது எவ்வளவோ மேல்.

கடைசி நாள் வரைக்கும் வைத்திருப்பதன் ஆபத்தும் உருமாறியிருக்கிறது. அன்று வரிசை நீளமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும், காலையிலேயே போய் நிற்கலாம். இன்று எந்த அறிகுறியும் இல்லாமல் நிற்கும். 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுக்க யு.பி.ஐ. தடுமாறியது. அந்த இரண்டு நாளையும் கெடுவாக வைத்திருந்தவர்களுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. கணக்கில் பணம் கழிந்து, பில்லோ 'நிலுவையில்' என்றே காட்டினால் பதற்றத்தில் மறுபடி அழுத்தத் தோன்றும். மின்சார பில்லில் இரண்டு முறை கட்டினால் கூடுதல் தொகை அடுத்த பில்லில் சரிக்கட்டப்படும் என்பதால் பெரிய நஷ்டமில்லை, மற்ற இடங்களில் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகும். கெடுவுக்கு நாலைந்து நாள் முன்பே கட்டியிருந்தால் பொறுத்துப் பார்க்க நேரம் இருக்கும். கழிந்த பணம் வணிகருக்குப் போய்ச் சேராமல் நின்றால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை சொல்கிறது. பரிவர்த்தனை எண்ணைப் படம்பிடித்து வைத்திருந்தால்தான் இதைக் கேட்க முடியும்.

அன்று இல்லாத ஒரு கொடுமை, கெடு தேதி மேலுள்ள பயத்தையே திருடர்கள் முதலீடாக்கியது. 'போன மாத பில் கட்டவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை உடனே அழையுங்கள்' என்ற குறுஞ்செய்தி 2022 வாக்கில் தமிழ்நாடெங்கும் சுற்றியது. அழைத்தவர்களிடம் ஒரு செயலியை இறக்கச் சொல்லி, பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்லி, கணக்கையே துடைத்தார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவர்கள்தான் இதில் அதிகம் அகப்பட்டிருப்பார்கள். தங்கள் பில் பாக்கி என்பதைப் பொறுக்க முடியாத நேர்மையான முதியவர்கள் பதறித்தான் அந்த எண்ணை அழைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: சந்தேகம் வந்தால் செய்தியிலுள்ள எண்ணை அழைக்காதீர்கள், சேவை எண்ணை வங்கிச் செயலியில் போட்டுப் பாருங்கள், பாக்கி இருந்தால் அங்கே தெரியும். செயலி தெரியாதவர்கள் பகுதி இ.பி. ஆபீசுக்கே போகலாம். கவுன்ட்டர் இன்னும் திறந்துதான் இருக்கிறது, அங்கே போவதில் எந்தக் குறைவும் இல்லை. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாட்டுக்கு ஆறு மாதம் கிளம்பும் பெற்றோர், புறப்படும் முன் மின்வாரியத்தில் முன்பணமாக ஒரு தொகை கட்டிவிட்டுப் போகலாம், பில் வர வர அதில் கழியும்.

சென்னை மாநகராட்சியின் சொத்து வரியில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிட்டால் 5 சதவீதம், 5,000 ரூபாய் உச்சவரம்போடு, ஊக்கத்தொகையாகக் கழித்துக்கொள்கிறார்கள். தாமதமாகக் கட்டுபவரைத் தண்டிப்பதோடு நிற்காமல், முந்திக் கட்டுபவரையும் மதிக்கிற முறை இது. மின்சாரத்துக்கும் கடன் தவணைக்கும் இதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் மக்கள் கெடுவுக்கு முன்பே கட்டப் பழகுவார்கள்.

வங்கிகளிடம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. வரும் முப்பது நாளில் இந்தக் கணக்கிலிருந்து என்னென்ன கழியப் போகிறது, எந்தத் தேதியில், எவ்வளவு என்பதை ஒரே பக்கத்தில் காட்டுவது அவர்களுக்குக் கடினமான வேலையில்லை, அந்த விவரம் முழுக்க அவர்கள் கையில்தான் இருக்கிறது. இருப்பு போதாதென்று முந்தைய நாளே தெரிந்தால் எச்சரிக்கலாம். இப்போது வரும் முன்தகவல் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகளோடு வருகிறது. வீட்டுக் கணக்கைப் பார்ப்பவர் தமிழ் மட்டுமே வாசிக்கும் பெண்ணாக இருந்தால் அந்த 24 மணி நேர அவகாசம் அவருக்குக் கிடைக்கவே இல்லை என்றுதான் பொருள். அது தமிழில் வர வேண்டும், கணக்குக்காரர் விரும்பினால் வீட்டில் இன்னொருவர் எண்ணுக்கும் வர வேண்டும். கிளைக்குப் போகும்போது எழுத்திலேயே கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் மேலாளர் மேலே அனுப்புவார்.